ஒரே தவறு, இரண்டு தீர்ப்பு: நடுவர்கள் ஏன் முரண்படுகிறார்கள், மேனேஜர்கள் கத்தினால் என்ன ஆகிறது?

கேள்வி இதுதான்: வீடியோ பார்த்து நடுவரின் முடிவைச் சரிபார்க்கும் விஏஆர் வந்து இத்தனை வருடம் ஆகியும் இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்கில் ஒரே மாதிரித் தவறுக்கு ஒரு ஆளுக்கு அட்டை, இன்னொரு ஆளுக்கு ஒன்றுமே இல்லை. ஏன் இப்படி? மேனேஜர்கள் வாராவாரம் மைக் முன்னால் கொதிக்கிறார்களே, அதனால் ஏதாவது மாறியிருக்கிறதா? நான் எட்டு வருடம் வட சென்னை மைதானங்களில் உள்ளூர் ஆட்டங்களுக்கு லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவன். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆர்சனல் ஆட்டக்காரர் டெக்லன் ரைஸ் விஷயத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 2024 ஆகஸ்ட் 31, ஆர்சனல் மைதானம், எதிரணி பிரைட்டன். முதல் பாதியில் பிரைட்டனின் ஜோவ் பெட்ரோ, வெளியே போன பந்தை எட்டி ஓர் உதை விட்டுத் தொலைவுக்கு அனுப்பினார். த்ரோ ஆர்சனலுக்கு. அட்டை எதுவும் வரவில்லை. இரண்டாம் பாதி தொடங்கி நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்த ரைஸ், பிரைட்டனுக்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கில் தன் காலில் வந்து பட்ட பந்தைக் கொஞ்சம் தட்டிவிட்டார். வேகமாக ஆட ஓடிவந்த வெல்ட்மனின் கால் பந்தில் படாமல் ரைஸின் காலில் பட்டது. நடுவர் கிறிஸ் கவானா இரண்டாவது மஞ்சளைக் காட்டினார், ரைஸ் வெளியே. 1-0 என்று முன்னிலையில் இருந்த ஆர்சனல் 1-1 என்று முடித்தது. ஆர்சனல் மேனேஜர் மிக்கேல் ஆர்டெட்டா ஆட்டம் முடிந்து வந்து, ஒரே போட்டிக்குள் முடிவுகள் இவ்வளவு முரண்படுவது தனக்குத் திகைப்பாக இருக்கிறது என்றார்.

இப்போது விதிப் புத்தகத்தைத் திறந்தால், 12-ஆவது விதியில் ஆட்டம் மீண்டும் தொடங்குவதைத் தாமதப்படுத்தினால் மஞ்சள் அட்டை என்று இருக்கிறது, அதன் கீழே பந்தை உதைத்துத் தள்ளுவதும் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஏட்டில் உள்ளபடி பார்த்தால் ரைஸுக்குக் கொடுத்தது சரி. அதே ஏட்டின்படி ஜோவ் பெட்ரோவுக்கும் கொடுத்திருக்க வேண்டும். ரசிகர்கள் வாதாடும்போது ரைஸுக்குக் கொடுத்தது தவறு என்று சண்டை போடுகிறார்கள், அங்கே அவர்கள் தோற்றுப்போவார்கள். கொடுக்காமல் விட்டதுதான் தவறு. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 22, மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் இதே கதை மறுபடி நடந்தது. லியாண்ட்ரோ ட்ரோசார்ட் பந்தை உதைத்துத் தள்ளியதற்கு இரண்டாவது மஞ்சள், நடுவர் மைக்கேல் ஆலிவர். அதே ஆட்டத்தில் முன்னதாக சிட்டியின் ஜெரமி டோக்கு அப்படி உதைத்ததற்கு எதுவும் இல்லை. ஆர்சனல் இரண்டாம் பாதி முழுக்கப் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து, 98-ஆவது நிமிடத்தில் ஜான் ஸ்டோன்ஸிடம் கோல் வாங்கி 2-2 என்று முடித்தது.

இரண்டிலும் விஏஆர் எங்கே போனது என்று கேட்கலாம். அப்போதைய நடைமுறைப்படி விஏஆர் தலையிடக்கூடியது நான்கே விஷயங்களில்: கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டியது. இரண்டாவது மஞ்சள் அந்தப் பட்டியலில் கிடையாது. ஒருவரை ஆட்டத்தை விட்டே வெளியேற்றும் முடிவு, ஆனால் திரையில் பார்த்துத் திருத்த அப்போது வழி இருக்கவில்லை. இது எனக்கு அன்றும் நியாயமாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

தலையிடக்கூடிய இடத்திலும் விஏஆர் கேட்கிற கேள்வி நாம் நினைக்கிற கேள்வி இல்லை. நாம் வீட்டில் உட்கார்ந்து "இது பெனால்டியா, இல்லையா?" என்று கேட்கிறோம். விஏஆர் அறை இருக்கும் ஸ்டாக்லி பார்க்கில் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர் கேட்க வேண்டியது, "மைதானத்தில் நடுவர் எடுத்த முடிவு தெளிவாக, வெளிப்படையாகத் தவறா?" என்று. முதல் கேள்விக்கு ஒரே பதில்தான். இரண்டாவதற்கு, களத்தில் இருந்தவர் என்ன சொன்னார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஒரு தடுப்பாட்டக்காரர் காலை நீட்டுகிறார், லேசாகப் படுகிறது, ஃபார்வர்டு விழுகிறார். நடுவர் பெனால்டி என்றால், தொடுதல் இருந்தது, எனவே தெளிவான தவறு இல்லை, பெனால்டி நிற்கும். அதே காட்சியில் இன்னொரு மைதானத்தில் நடுவர் விளையாடு என்று கை காட்டினால், தொடுதல் லேசானது, எனவே தெளிவான தவறு இல்லை, அதுவும் நிற்கும். சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி யாராவது வீடியோ போடுவார்கள், பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். ஆனால் இரண்டு இடத்திலும் விஏஆர் தன் விதிப்படியேதான் நடந்திருக்கிறது. 2019-20 சீசனில் பிரீமியர் லீக் விஏஆரைக் கொண்டுவந்ததிலிருந்து வந்த சண்டைகளில் பெரும்பகுதிக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. இந்த முரண்பாடு அமைப்புக்குள்ளேயே கட்டப்பட்டது, யாரோ ஒரு நடுவரின் கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல.

அப்புறம் மனிதக் கண். லைன்ஸ்மேன் வேலையை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று புரிவதில்லை. ஆஃப்சைடு, அதாவது பந்தை உதைக்கும் கணத்தில் தாக்கும் ஆள் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி முன்னால் நிற்கிறாரா என்று பார்க்க நீங்கள் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரருக்கு நேர் கோட்டில் நிற்க வேண்டும். பந்தை உதைப்பவர் முப்பது நாற்பது மீட்டர் தள்ளி இருப்பார். இரண்டையும் ஒரே கணத்தில் கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் கண் கோட்டில் இருக்கும், காது பந்தில் இருக்கும். உதைக்கும்போது வருகிற "தப்" சத்தம்தான் அடையாளம். ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, மைதானத்துக்குப் பின்னால் கோயில் மைக்செட் அலறிக்கொண்டிருந்தது, எனக்குச் சத்தம் கேட்கவில்லை. கொடியைத் தூக்கிவிட்டேன். கோல் போனது. அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வையிலேயே தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. நான் சொல்ல வருவது அதற்கப்புறம் நடந்ததை. இரண்டாம் பாதியில் அதே அணி தாக்கி வந்தபோது, ஒரு கை அளவு முன்னால் ஓர் ஆள் நின்றான், எனக்குத் தெரிந்தது, ஆனால் கொடி தூக்கக் கை வரவில்லை. யாரும் என்னிடம் ஈடு கட்டச் சொல்லவில்லை, நானும் அப்படி நினைத்துச் செய்யவில்லை. உடம்பு செய்தது. அன்று மாலை இரண்டு கோச்சுகளும் என்னிடம் வந்து, இரண்டு பாதியிலும் இரண்டு அளவுகோல் வைத்திருந்ததாகச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

கூட்டத்தின் சத்தமும் இப்படித்தான் வேலை செய்கிறது. கொரோனா காலத்தில் காலி மைதானங்களில் ஆடியபோது, வெளியூர் அணிகளுக்கு வழக்கமாக விழும் கூடுதல் மஞ்சள் அட்டைகள் குறைந்ததைப் பல நாட்டு லீக்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டின. கூட்டம் இல்லாதபோது நடுவரின் கை வேறு மாதிரி நடந்துகொண்டது. இதை லஞ்சம், சதி என்று பேசுவது வீண்.

மேனேஜர்கள் இதற்கெல்லாம் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்க்க 2023 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரையான சில மாதங்களே போதும். அவ்வளவும் அதற்குள் நடந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, ஓல்டு டிராஃபோர்டு. வுல்வ்ஸ் 0-1 என்று தோற்றுக்கொண்டிருக்கிறது, கடைசி நிமிடங்கள். மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ஒனானா உயரப் பந்துக்கு வந்து, பந்தைத் தொடாமல் வுல்வ்ஸின் கலாய்ஜிச் மேல் முழு உடம்போடு மோதினார். பெனால்டி இல்லை. விஏஆரும் சும்மா இருந்தது. கத்தியதற்காக மேனேஜர் கேரி ஓ'நீலுக்கு மஞ்சள் அட்டை. அன்று இரவே நடுவர்கள் அமைப்பைச் சேர்ந்த ஜான் மாஸ் அவரிடம் வந்து பெனால்டி கொடுத்திருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டார். அட்டை வாங்கியவரும் மன்னிப்பு வாங்கியவரும் ஒரே ஆள். புள்ளி மட்டும் வரவில்லை. நவம்பரில் ஃபுல்ஹாமிடம் 2-3 என்று இன்னொரு சர்ச்சையான பெனால்டியில் தோற்றபோது, அதுவரை விஏஆரை ஆதரித்த தான் இன்றோடு மனம் மாறிவிட்டதாக ஓ'நீல் சொன்னார்.

செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் – லிவர்பூல். இதை யாரும் மறக்க மாட்டார்கள். கர்ட்டிஸ் ஜோன்ஸ் சிவப்பு அட்டை வாங்கி லிவர்பூல் பத்துப் பேராக ஆடிக்கொண்டிருக்கும்போது, 34-ஆவது நிமிடத்தில் லூயிஸ் டியாஸ் கோல் போட்டார். லைன்ஸ்மேன் கொடி ஆஃப்சைடு என்றது. விஏஆர் நடுவராகத் திரையில் பார்த்த டேரன் இங்கிலாந்து என்பவருக்கு, டியாஸ் ஆன்சைடு என்று தெளிவாகத் தெரிந்தது. கோடு சரியாகப் போட்டார்கள், படம் சரியாகப் பார்த்தார்கள். ஆனால் களத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு "சோதனை முடிந்தது, சரிதான்" என்று சொல்லிவிட்டார். நடுவர் சைமன் ஹூப்பர் அதை ஆஃப்சைடு சரி என்று எடுத்துக்கொண்டு ஃப்ரீ கிக் எடுக்கச் சொன்னார். பிற்பாடு வெளியிட்ட ஒலிப்பதிவில், ரீப்ளே இயக்குபவர்தான் முதலில் சுதாரிக்கிறார்: பொறுங்கள், பொறுங்கள், களத்தில் கொடுத்த முடிவு ஆஃப்சைடு, உங்களுக்கு இது சம்மதமா என்று கேட்கிறார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லலாம் என்ற குரலும் வருகிறது. அதற்குள் பந்து ஆடப்பட்டுவிட்டது. ஒன்றும் செய்ய முடியாது, ஒன்றும் செய்ய முடியாது என்று விஏஆர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பின்னால் போய்க் கோலைத் திருத்த நடைமுறையில் இடம் கிடையாது. அந்தப் பதிவைக் கேட்டபோது எனக்குக் கோபத்தைவிட வயிற்றைப் பிசைந்த மாதிரிதான் இருந்தது. தப்பு நடந்தது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், வெளியே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. டாட்டன்ஹாம் 96-ஆவது நிமிடத்தில் லிவர்பூலின் ஜோயல் மாட்டிப் போட்ட சுய கோலில் 2-1 என்று வென்றது.

லிவர்பூல் மேனேஜர் யூர்கன் க்ளாப் நாலு நாள் கழித்து, போட்டியை மறுபடி நடத்துவதே நியாயம் என்று சொன்னார். பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் முன்னுதாரணம் இருக்கிறது. 2005-இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தான் – பஹ்ரைன் ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தான் ஒரு பெனால்டியைக் கோலாக்கியது, ஆனால் அவர்கள் ஆள் ஒருவர் முன்கூட்டியே பெனால்டி பெட்டிக்குள் நுழைந்துவிட்டார். அன்றைய விதிப்படி பெனால்டியைத் திரும்ப எடுக்க வேண்டும். நடுவர் எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். 1-0 என்று வென்ற உஸ்பெகிஸ்தான் புகார் கொடுக்க, ஃபிஃபா ஆட்டத்தை முழுதாக மறுபடி நடத்தச் சொன்னது. அது 1-1 என்று முடிந்தது, பஹ்ரைனில் 0-0, கடைசியில் பஹ்ரைன் அடுத்த சுற்றுக்குப் போனது. புகார் கொடுத்தவர்களுக்கே நஷ்டம். அங்கே ஃபிஃபா வைத்த கோடு முக்கியமானது: நடுவர் பார்த்ததில் தப்பு செய்தால் அது ஆட்டத்தின் பகுதி, விதியையே தப்பாகப் பயன்படுத்தினால் ஆட்டம் செல்லாது. டியாஸ் கோல் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. பார்த்தது சரி, விதியும் தெரியும், சொல்லில் தவறியது. க்ளாப் கேட்டது கிடைக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அவர் கேட்டது ஒரு நல்ல கேள்வி.

நம் பக்கத்திலும் இதே வருடம் இதே கோரிக்கை எழுந்தது. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், இந்திய சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பிளே-ஆஃப். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி, கேரளா பிளாஸ்டர்ஸ் சுவர் அமைக்கும் முன்பே ஃப்ரீ கிக்கை உதைத்துக் கோலாக்கினார். நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். கோச் இவான் வுகொமானோவிச் தன் ஆட்களை மைதானத்தை விட்டே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கேரளா ஆட்டத்தைத் திரும்ப நடத்தக் கேட்டது, கிடைக்கவில்லை. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 போட்டித் தடை, 5 லட்சம் அபராதம். ஃப்ரீ கிக்கை வேகமாக எடுக்க விதி அனுமதிக்கிறது, விசிலுக்குக் காத்திருக்கச் சொன்னாரா இல்லையா என்பதுதான் சண்டை. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மைதானத்தை விட்டு வெளியேறியது பெரிய தப்பு. மைதானத்தில் இருந்திருந்தால் இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆட்டம் பாக்கி இருந்தது.

மறுபடி இங்கிலாந்துக்கு. நவம்பர் 4, நியூகாசில் 1, ஆர்சனல் 0. ஆந்தனி கோர்டன் போட்ட அந்த ஒரு கோலுக்கு மூன்று சோதனை: வில்லக் பந்தை எடுத்தபோது அது கோட்டைத் தாண்டிவிட்டதா, ஜோலின்டன் கேப்ரியலின் முதுகில் கை வைத்துத் தள்ளினாரா, கோர்டன் ஆஃப்சைடா. நாலு நிமிடத்துக்கு மேல் பார்த்தார்கள். மூன்றிலும் களத்து முடிவை மாற்றப் போதுமான ஆதாரம் இல்லை என்று கோலை நிற்க விட்டார்கள். நான் மேலே சொன்ன அந்த இரண்டாவது கேள்விக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது: நடுவர் அந்தக் கோலைக் கொடுக்காமல் விட்டிருந்தால் அதுவும் அதே மாதிரி நின்றிருக்கும். ஆர்டெட்டா வெடித்தார். வெட்கக்கேடு, அவமானம் என்றார், கிளப்பும் மறுநாள் அறிக்கை விட்டு அவர் பின்னால் நின்றது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. அவர் மேல் வழக்குப் போட்டது. டிசம்பரில் தனி விசாரணைக் குழு அவரை விடுவித்தது. அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லுக்கு நெருக்கமான ஸ்பானியச் சொல்லுக்கு துரதிர்ஷ்டம் என்ற பொருளும் உண்டு என்பது அந்த வாதத்தில் ஒரு பகுதி.

அந்த ஆட்டத்தில் லாபம் அடைந்த நியூகாசில் மேனேஜர் எடி ஹவ்வுக்கு 24 நாளில் திரும்பி வந்தது. நவம்பர் 28, பாரிஸ், சாம்பியன்ஸ் லீக். 1-0 என்று வென்றுகொண்டிருக்கிறார்கள், 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்த நிமிடங்களும் முடியப் போகின்றன. பந்து லிவ்ரமென்டோவின் நெஞ்சில் பட்டு, அங்கிருந்து எகிறிக் கையில் பட்டது. விஏஆர் நடுவரைத் திரைக்கு அழைத்தது, பெனால்டி, பாரிஸ் அணியின் எம்பாப்பே 98-ஆவது நிமிடத்தில் கோல், 1-1. வேடிக்கை பார்த்தவர்களுக்கே ஆத்திரம் வந்தது, ஏனென்றால் தன் உடம்பில் பட்டு எகிறும் பந்தைக் கையால் தொட்ட தவறாகக் கொள்ள வேண்டாம் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுவெஃபாவின் ஆலோசனைக் குழுவே அந்த ஏப்ரலில்தான் பரிந்துரைத்திருந்தது. அந்த விஏஆரை மறுநாள் ஆட்டத்திலிருந்து யுவெஃபா விலக்கியது. ஹவ் என்ன செய்தார்? பந்து முதலில் நெஞ்சில் பட்டது, பெனால்டி சரியில்லை என்று நிதானமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். ஒரே மனிதரை ஒரே மாதத்தில் இரண்டு பக்கமும் பார்த்தோம். ஆட்டம் முடிந்து பேசுகிற மேனேஜர்களில் அவரை நான் கூடுதலாக மதிப்பது இதனால்தான்.

இடையில் நவம்பர் 6, டாட்டன்ஹாம் – செல்சி: இரண்டு சிவப்பு அட்டை, ஐந்து கோல்கள் ரத்து, 1-4 தோல்வி. தோற்ற டாட்டன்ஹாமின் மேனேஜர் ஆஞ்சி போஸ்டகோக்லு, நடுவர் முடிவை ஏற்றுக்கொள்ளத்தான் நான் வளர்ந்தேன், வாராவாரம் இப்படிப் புலம்பினால் நடுவரின் அதிகாரமே தேய்ந்துபோகும் என்ற பொருளில் பேசினார். தோற்ற அன்றே அப்படிச் சொன்னது பெரிய விஷயம். டிசம்பர் 3, சிட்டி – டாட்டன்ஹாம், 3-3, 94-ஆவது நிமிடம்: ஹாலண்டைத் தள்ளினார்கள், அவர் எழுந்து கிரீலிஷுக்குப் பந்தைப் போட்டார், நடுவர் ஹூப்பர் விளையாடு என்று கை காட்டிவிட்டு, கிரீலிஷ் தனியாகக் கோலை நோக்கி ஓடும்போது விசில் ஊதினார். சிட்டி ஆட்டக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள், அதற்காக கிளப்புக்கு 1,20,000 பவுண்டு அபராதம் வந்தது. சிட்டி மேனேஜர் பெப் கார்டியோலா பேட்டியில் ஆர்டெட்டா மாதிரிப் பேச மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டார்.

கவனித்தீர்களா, ஒனானா ஆட்டம், டியாஸ் ஆட்டம், கிரீலிஷ் ஆட்டம் மூன்றிலும் களத்தில் ஹூப்பர். உடனே அவர் பெயரை வைத்து ஆயிரம் வீடியோ. ஆனால் டியாஸ் விஷயத்தில் காதில் சொன்னதைக் கேட்டு நடந்ததைத் தவிர அவர் என்ன தப்பு செய்தார்? இந்த வித்தியாசத்தை மேனேஜர்களும் பார்ப்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை.

சரி, கத்துவதால் ஏதாவது நடக்கிறதா? தீர்ப்பு மாறுவதில்லை. காசு போகிறது, ஆனால் அவர்கள் சம்பளத்தில் அது பெரிதில்லை. மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் 2009-இல் நடுவர் ஆலன் வைலியின் உடல் தகுதியைக் குறை சொல்லி 20,000 பவுண்டு கட்டினார், 2011-இல் மார்ட்டின் அட்கின்சன் பற்றிப் பேசி 5 போட்டித் தடையும் 30,000 பவுண்டும். அவர் பேச்சை நிறுத்தவில்லை. ஆட்டம் முடிந்து சில நிமிடங்களில் கேமரா முன் உட்கார வைத்தால், தன் அணி எப்படித் தோற்றது என்ற கேள்வியை நடுவர் பக்கம் திருப்பிவிடுவது ஆட்டக்காரர்களைக் காப்பாற்றும் பழைய வழி. அதை நான் புரிந்துகொள்கிறேன்.

புரிந்துகொள்ள முடியாத எல்லையும் உண்டு. 2023 மே 31, புடாபெஸ்ட், யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் ரோமா பெனால்டி ஷூட் அவுட்டில் செவிய்யாவிடம் தோற்ற பிறகு, ரோமா மேனேஜர் ஜோஸே மொரினியோ கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்து நடுவர் ஆந்தனி டெய்லரைத் திட்டினார். மறுநாள் விமான நிலையத்தில் டெய்லரையும் அவர் குடும்பத்தையும் ரோமா ரசிகர்கள் சூழ்ந்துகொண்டார்கள், நாற்காலி பறந்தது. மொரினியோவுக்கு யுவெஃபா 4 போட்டித் தடை போட்டது. 2024 ஏப்ரலில் எவர்ட்டனிடம் மூன்று பெனால்டி கிடைக்காமல் தோற்ற நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், விஏஆராக இருந்தவர் லூட்டன் ரசிகர் என்று கிளப்பின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலேயே எழுதியது. லூட்டனும் அப்போது அதே தரமிறக்கப் போராட்டத்தில் இருந்தது. 7,50,000 பவுண்டு அபராதம். முடிவு தப்பு என்று சொல்வது வேறு, ஆள் நேர்மையற்றவர் என்று சொல்வது வேறு. இரண்டாவதைச் சொன்ன பிறகு, ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் விசில் ஊதும் பதினேழு வயதுப் பையனையும் பெற்றோர்கள் அதே வார்த்தையால் திட்டுவார்கள். இங்கிலாந்து எஃப்.ஏ. உள்ளூர் நடுவர்களின் உடம்பில் கேமரா மாட்டிப் பரிசோதிக்க வேண்டிய நிலை 2023-இல் வந்ததே இப்படிப்பட்ட வசவுகளால்தான்.

மாறிய விஷயங்கள் எல்லாம் எழுத்தில் கேட்டதால் வந்தவை. டியாஸ் ஒலிப்பதிவை லிவர்பூல் முறைப்படி கேட்டது, மூன்றே நாளில் வெளியே வந்தது. வுல்வ்ஸ் 2024-இல் விஏஆரையே எடுத்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தது. ஜூன் 6 வாக்கெடுப்பில் 19-1 என்று தோற்றது, வாராவாரம் கொதித்த கிளப்புகள்கூட வைத்துக்கொள்ளவே கை தூக்கின. ஆனாலும் தாமதத்தைக் குறைப்பது, அரை-தானியங்கி ஆஃப்சைடு, மைதானத்தில் முடிவை விளக்குவது எல்லாம் அதையொட்டி நகர்ந்தன. அரை-தானியங்கி ஆஃப்சைடு 2025 ஏப்ரல் 12 முதல் வந்தது. 2025 ஜனவரி 25 வுல்வ்ஸ் ஆட்டத்தில் ஆர்சனலின் மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லிக்கு மைக்கேல் ஆலிவர் காட்டிய சிவப்பு அட்டையை விஏஆர் அப்படியே விட்டது. ஆர்சனல் மேல்முறையீடு செய்தது, அட்டை ரத்து, மூன்று போட்டித் தடையும் போனது.

விளக்கம் கொடுத்துவிட்டால் முரண்பாடு போய்விடுமா என்றால் போகாது. 2025 ஜனவரி 8, அதே டாட்டன்ஹாம் மைதானம், அதே லிவர்பூல், கராபாவ் கோப்பை அரையிறுதி முதல் ஆட்டம். நடுவர் ஸ்டுவர்ட் அட்வெல் மைக்கில் பேசி, சொலாங்கியின் கோல் ஏன் ஆஃப்சைடு என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி விளக்கினார். இங்கிலாந்து கிளப் ஃபுட்பாலில் அதுதான் முதல் தடவை, எல்லோருக்கும் புரிந்தது. அதே ஆட்டத்தில் ஏற்கெனவே மஞ்சள் வாங்கியிருந்த லூக்கஸ் பெர்க்வால், சிமிகாஸை வழுக்கி வந்து வீழ்த்தினார். இரண்டாவது மஞ்சள் வரவில்லை. சிமிகாஸ் சிகிச்சைக்காக வெளியே நிற்கும்போதே, 86-ஆவது நிமிடத்தில் அதே பெர்க்வால் கோல் போட்டு டாட்டன்ஹாமை 1-0 என்று ஜெயிக்க வைத்தார். அதற்கு மைக்கில் விளக்கம் கிடையாது. இரண்டாவது மஞ்சள், மறுபடியும் அதே ஓட்டை.

லிவர்பூல் மேனேஜர் ஆர்னே ஸ்லாட் அன்று குரலை உயர்த்தாமல், தன் பார்வையில் அது இரண்டாவது மஞ்சள் என்று சொன்னார். அடுத்த மாதம் திரும்ப ஆட்டத்தில் 4-0 என்று வென்று இறுதிக்குப் போனார். அதற்கடுத்த வாரம், பிப்ரவரி 12, குடிசன் பார்க்கில் எவர்ட்டன் 98-ஆவது நிமிடத்தில் கோல் போட்டு 2-2 என்று சமன் செய்தபோது, அதே ஸ்லாட் ஆட்டம் முடிந்ததும் மைக்கேல் ஆலிவரின் கையைக் குலுக்கிக்கொண்டே பேசி சிவப்பு அட்டை வாங்கினார். 2 போட்டித் தடை, 70,000 பவுண்டு. அடுத்த பேட்டியில், உணர்ச்சி தன்னை மீறிவிட்டது, மறுபடி வாய்ப்பு கிடைத்தால் வேறு மாதிரி நடந்துகொள்வேன் என்று அவரே ஒப்புக்கொண்டார்.